எத்தனை பிரதி அடிக்க? நெல்லைச் சீமையில் சொந்தமாக நூல் வெளியிடுவோருக்கான செலவுக் கணக்கு

பாளையங்கோட்டையிலோ டவுனிலோ ஓர் அச்சகத்துக்குள் எழுதி முடித்த கட்டோடு நுழைகிறவரிடம் முதலில் வரும் கேள்வி, "எத்தனை பிரதி சார் அடிக்க?" என்பதுதான். பதிலும் பெரும்பாலும் தயாராக இருக்கும்: ஐந்நூறு, இல்லாவிட்டால் ஆயிரம். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் அந்த எண்ணிக்கைக்குக் குறைந்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது. கோக்கிற கூலி ஒன்றுதான். நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அது மாறாது. அச்சு முறை மாறி இருபது வருசத்துக்கு மேல் ஆகியும் அந்த எண் மட்டும் நம் வாயில் நிற்கிறது. சொந்தச் செலவில் நூல் வெளியிடுகிறவர்களுக்குக் கை சுடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தாளில் ஏமாந்ததாலோ கூலி கூடியதாலோ போகிற பணம் சிறிது. பரணில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் கடைசி முந்நூறு, நானூறு பிரதிகளில் முடங்குகிற பணம் பெரிது.

எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டுமானால் நூல் யாருக்காக என்பது முதலில் தெரிய வேண்டும். இந்தப் பக்கத்தில் சொந்தமாக வெளியிடுகிறவர்கள் ஏறத்தாழ நான்கு வகை. பாளையங்கோட்டைக் கல்லூரிகளைச் சுற்றி ஆய்வேட்டை நூலாக்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஐஎஸ்பிஎன் என்ற பன்னாட்டு நூல் அடையாள எண்ணும் ஒழுங்கான அடிக்குறிப்புகளும் வேண்டும். நூறு பிரதி தாராளம். கவிதைத் தொகுப்புக் கொண்டுவருகிறவர்களுக்கு நண்பர்களும் விமர்சகர்களும் படித்தால் போதும். 150க்கு மேல் அடிப்பது வீண். மூன்றாவது வகை, ஊர் வரலாறு, குலதெய்வக் கதை, வில்லுப்பாட்டுப் பிரதி, வட்டாரச் சொல் தொகுப்பு போன்றவை. இந்த வகைக்கு வாசகர்கள் கணக்காகக் கைவசம் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் ஊரில் இல்லை. அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம். நாவல், சிறுகதை எழுதித் தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர நினைப்பவர்கள் நான்காவது. செலவும் உழைப்பும் காத்திருப்பும் இவர்களுக்குத்தான் அதிகம். நான்கையும் ஒரே நூலில் சாதிக்க நினைப்பதுதான் ஆயிரம் பிரதியில் கொண்டுபோய் விடுகிறது.

ஃபாரமும் தாளும்

அச்சகத்தில் பக்கக் கணக்கு ஃபாரத்தில் ஓடும். டெம்மி எட்டில் ஒன்று என்று சொல்லப்படும் அளவு, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், தமிழ் நூல்களில் மிகப் பரவலானது. 18-க்கு 23 அங்குலத் தாள் ஒன்றை இரண்டு பக்கமும் அச்சடித்து மடித்தால் 16 பக்கம் வரும்; அதுதான் ஒரு ஃபாரம். 160 பக்க நூல் 10 ஃபாரம். 163 பக்கம் வந்துவிட்டால் 11 ஃபாரத்துக்குப் பணம் கொடுத்து 13 வெற்றுப் பக்கம் வாங்குகிறோம் என்று அர்த்தம். முன்னுரையைக் கொஞ்சம் குறைத்தோ, அத்தியாயத் தலைப்புக்கு மேல் விட்ட இடத்தைச் சுருக்கியோ 160-க்குள் அடக்கிவிடலாம். வடிவமைப்பவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கணினிக் கோப்பிலிருந்து நேரே அடிக்கும் டிஜிட்டல் அச்சில் பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை போடுவதால் இந்தக் கட்டாயம் தளரும். நாளைக்கு உலோகத் தகடு (பிளேட்) செய்து அடிக்கும் ஆஃப்செட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இப்போதே 16-இன் மடங்கில் நிறுத்துவது நல்லது.

ஆஃப்செட்டில் ஃபாரத்துக்கு ஃபாரம் பிளேட் போட வேண்டும். அந்தச் செலவு நூறு பிரதிக்கும் ஒன்றுதான், ஆயிரத்துக்கும் ஒன்றுதான். டிஜிட்டலில் பிளேட் கிடையாது. அதனால் பிரதி கூடினாலும் விலை பெரிதாக இறங்காது. பொதுவாக 300 பிரதிக்குக் கீழே டிஜிட்டல், 500-க்கு மேலே ஆஃப்செட். நடுவில் இருந்தால் இரண்டுக்கும் விலை கேட்டுப் பார்க்க வேண்டும். விலை கேட்கும்போது வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் கேளுங்கள். அச்சிட்ட நூலின் விற்பனைக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் அச்சுக்கூலி ரசீதில் வரி வரும், அதை நூலாசிரியர் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே அதுவும் செலவுதான்.

தாளுக்கு 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேப்லித்தோ என்ற சாதாரண அச்சுத்தாள் போதும். 60-க்கு இறங்கினால் பின்பக்க எழுத்து நிழலாடும். 80-க்கு ஏறினால் எடையும் தபால் செலவும் ஏறும். நாவல், கட்டுரைகளுக்கு வெள்ளையைவிடச் சற்று மஞ்சள் ஓடிய என்.எஸ். தாள் கண்ணுக்கு இதம்.

உள்ளூரில் அடிப்பதா, சிவகாசியில் அடிப்பதா என்ற கேள்வி எப்போதும் வரும். கோவில்பட்டி வழியே காலையில் போய் மாலையில் திரும்பிவிடக்கூடிய தூரம்தான் சிவகாசி. ஆஃப்செட்டில் அங்கே அனுபவமும் கருவிகளும் அதிகம். ஆனால் ஆண்டின் கடைசி மாதங்களில் நாள்காட்டியும் டைரியும் எந்திரங்களைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் 300 பிரதி நூல் வரிசையில் கடைசிக்குப் போய்விடும். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் நடப்பதால் டிசம்பரில் எல்லாப் பதிப்பகங்களும் ஒரே நேரத்தில் அச்சுக்கு நிற்கின்றன. உள்ளூர் அச்சகத்தில் முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை முந்திக்கொள்ளும். அவசரத்தில் அடித்த நூலில் பக்கம் மாறுவதும், மை திட்டுத்திட்டாக விழுவதும், பசை காயுமுன் ஓரம் வெட்டி முதுகு விட்டுப்போவதும் சகஜம். ஒரு மாத இடைவெளியாவது வைத்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு கணக்கு

விலைகள் ஆளுக்கு ஆள் மாறும். கீழே உள்ளவை கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் அச்சகம் சொல்லும் விலையை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

160 பக்க நூல், விலை 200 ரூபாய். செம்மையாக்கம், மெய்ப்பு 8,000, பக்க வடிவமைப்பு 4,000, அட்டை 3,000. ஆக 15,000. எத்தனை பிரதி அடித்தாலும் இது மாறாது. 300 பிரதிக்கு அச்சும் பைண்டிங்கும் சேர்ந்து பிரதிக்கு 80 ரூபாய் என்றால் 24,000. மொத்தம் 39,000, ஒரு பிரதி அடக்கம் 130 ரூபாய். கடைக்கு 35 விழுக்காடு கழிவு கொடுத்தால் கைக்கு வருவது சரியாக 130. அதாவது கடை வழியாக விற்றால், 300-உம் விற்றுத் தீர்ந்தாலும் ஒரு ரூபாய்கூட மிஞ்சாது.

300-உம் விற்பனைக்கு இருக்காது என்பதும் உண்மை. நூலகங்களுக்குச் சட்டப்படி தர வேண்டியது, பரிசுகளுக்கு அனுப்புவது, மதிப்புரைக்கு, முன்னுரை தந்தவருக்கு, வீட்டுக்கு என்று 50 பிரதி போய்விடும். மிச்சம் 250-இல் 120 பிரதியைப் பத்து விழுக்காடு தள்ளுபடியில் நாமே 180 ரூபாய்க்கு விற்றால் 21,600. கடை வழியாக 130 பிரதி விற்றால் 16,900. மொத்தம் 38,500. ஒன்று பாக்கியில்லாமல் விற்றும் 500 ரூபாய் கையைவிட்டுப் போகிறது.

இந்த இடத்தில்தான் ஆயிரம் பிரதி ஆசை காட்டும். ஆயிரம் அடித்தால் பிரதிக்கு 55 ரூபாய்தான் என்று அச்சகம் சொல்லும். 55,000-உம் 15,000-உம் சேர்ந்து 70,000. அடக்கம் 70 ரூபாய். கடைக்குக் கொடுத்தாலும் பிரதிக்கு 60 ரூபாய் லாபம் என்று தாளில் தெரியும். ஆனால் நூலுக்கு இருக்கும் வாசகர்கள் அதே 250 பேர்தான் என்றால் வரவு அதே 38,500. நட்டம் 31,500, வீட்டில் 700 பிரதி. அச்சு விலை குறைந்ததற்காக வாசகர் எண்ணிக்கை கூடுவதில்லை.

மறுபக்கம், 100 பிரதி டிஜிட்டலில் 110 ரூபாய் வீதம் அடித்தால் மொத்தச் செலவு 26,000. அடக்கம் 260, நூலின் விலையைவிட அதிகம். பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஆனாலும் 20 பிரதி இலவசமாகப் போய், 80 பிரதி நேரடியாக 180-க்கு விற்றால் 14,400 திரும்பி வரும். நட்டம் 11,600-ஓடு நிற்கும். நூல் ஓடுகிறது என்று தெரிந்து அடுத்த நூறு அடித்தால் செலவு 11,000 மட்டுமே, ஏனென்றால் அந்த 15,000 ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அந்த நூறும் நேரடியாக விற்றால் 18,000, மிச்சம் 7,000. முதல் அச்சு சோதனை, இரண்டாம் அச்சில்தான் வரவு என்று மனத்தில் கொள்ள வேண்டும். முதல் நூல் வெளியிடுகிற யாருக்கும் நூறில் தொடங்குவதையே நாம் சொல்வோம்.

வெளியீட்டு விழாவையும் இதே தராசில் வைக்க வேண்டும். மண்டபம், ஃபிளெக்ஸ், சால்வைகள், சிறப்பு விருந்தினரின் போக்குவரத்து, சாப்பாடு என்று 15,000 ஆகிவிட்டால், அதை மீட்க 150 பிரதி கூடுதலாக நேரடியாக விற்றாக வேண்டும். 180-இல் 80 அச்சுக்கே போய்விடும் அல்லவா. விழாவில் உறவினர்கள் கவரில் வைத்துத் தருவது உண்டு. அது அன்பு, அதை நம்பிச் செலவைத் திட்டமிடக் கூடாது. மெய்ப்புப் பார்ப்பவருக்கு 4,000 கொடுக்கத் தயங்கிவிட்டுச் சால்வைக்கு அதே தொகையைச் செலவழிப்பது வருத்தமான காரியம். சால்வை அன்றைக்கே மடித்து வைக்கப்படும். பிழை ஒவ்வொரு பிரதியிலும் இருக்கும்.

எழுத்தில் குறைக்கக் கூடாத செலவு

செம்மையாக்கமும் மெய்ப்பும் வேறு வேறு வேலைகள். செம்மையாக்குபவர் சொன்னதையே திரும்பச் சொல்லியிருப்பதை வெட்டுவார், பெயர் மாறியிருப்பதைப் பிடிப்பார், வருடம் பொருந்தாததைக் கேட்பார். மெய்ப்புப் பார்ப்பவர் எழுத்து, ஒற்று, நிறுத்தக்குறி பார்ப்பவர். ஒருவரே இரண்டையும் ஒரே வாசிப்பில் செய்தால் இரண்டும் அரைகுறையாகும். மெய்ப்பு குறைந்தது இரண்டு சுற்று. இரண்டாவது சுற்று அச்சுத்தாளில் இருக்க வேண்டும். திரையில் தப்பிய பிழை தாளில் கண்ணில் படும்.

நெல்லை எழுத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே 'படிக்கிறான்' என்பது பேச்சில் 'படிக்கான்'. 'நிற்கிறான்' என்பது 'நிக்கான்'. மரியாதைக்கு 'வந்தாவ', 'இருக்காவ'. வெளியூர் மெய்ப்பாளர் இவற்றைப் பிழை என்று நினைத்துத் திருத்துவார். அதுவும் நூல் முழுக்க ஒரே சீராகத் திருத்தினால்கூடப் பரவாயில்லை. பாதி இடத்தில் திருத்தி, பாதியை விட்டு, ஒரே பாத்திரம் இரண்டு ஊர்ப் பேச்சுப் பேசும். பிரதியோடு இரண்டு பக்கச் சொல் பட்டியல் கொடுத்துவிடுங்கள்: எந்த வடிவங்கள் வேண்டுமென்றே எழுதியவை, உரையாடலில் மட்டுமா அல்லது கதைசொல்லியின் மொழியிலுமா, 'ஏல', 'ஏட்டி' போன்ற விளிகளை எப்படி எழுதுவது என்று. குரல்வழித் தட்டச்சு செய்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது வட்டார வடிவத்தை எழுத்துத்தமிழாக மாற்றிவிடும். லகர ளகர ழகரங்களையும் ரகர றகரங்களையும் குழப்பும்.

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை யுனிகோடுக்கு மாற்றும்போது சில பிழைகள் கூட்டமாக வரும். 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக நிற்கும்; துணைக்கால் இருக்கும் இடத்தில் ரகரம் வரும்; மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகிவிடும். ஒவ்வொன்றையும் தேடி மாற்ற வேண்டும். வாசித்துக்கொண்டே போகையில் கண்ணில் படாது. பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் யுனிகோடு தமிழ் வைத்து வடிவமைத்தால் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்ற அமைப்பைப் போட வேண்டும். போடாவிட்டால் கொம்பு பின்னால் போய், 'கெ' உடைந்து நிற்கும். சொல்லை வரி முடிவில் உடைக்கும்போது அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. இதை மென்பொருள் தானாகப் பார்க்காது, வடிவமைப்பவர்தான் பார்க்க வேண்டும்.

அட்டையில் கெடுவது பெரும்பாலும் படத்தின் தரம். வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கி வந்த படம், அச்சில் மங்கும். மூலக் கோப்பை மின்னஞ்சலில் வாங்க வேண்டும். அச்சளவில் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, இருக்க வேண்டும். திரையில் பளிச்சென்று தெரியும் வயல் பச்சை, அச்சின் நான்கு நிறத்துக்கு மாறும்போது மந்தமாகும். ஒரு மாதிரி அட்டை அடித்துப் பார்க்காமல் சரி சொல்லக் கூடாது. 160 பக்கத்துக்கு முதுகு ஏழிலிருந்து ஒன்பது மில்லிமீட்டர் வரும். சரியான அளவை அச்சகத்திடம் கேட்ட பிறகே அட்டையை முடிக்க வேண்டும். முன்னதாக முடித்தால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு வழிந்துவிடும்.

எண்ணும் சட்டமும்

ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். தில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதைத் தருகிறது. தனிநபர் நூலாசிரியரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் மெய்ப்புத் தொடங்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும். இதற்குப் பணம் கேட்பவர்கள் தங்கள் உழைப்புக்குக் கேட்கிறார்கள், எண்ணுக்கு அல்ல. அந்த எண் அவர்கள் பெயரில் பதிவானால் பதிப்பாளர் அவர்கள் என்றே ஆகும். அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண். அப்படியே மறு அச்சு செய்தால் பழைய எண் போதும், திருத்திய பதிப்பு என்றால் புதிய எண்.

சொந்தமாக வெளியிடும்போது நீங்களே பதிப்பாளர். 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், தில்லி பொது நூலகம் ஆகியவற்றுக்குத் தலா ஒரு பிரதி சொந்தச் செலவில் அனுப்ப வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். நூறு ஆண்டு கழித்துத் தேடுகிறவருக்குக் கிடைக்கிற பிரதி அதுவாகத்தான் இருக்கும். பதிப்புரிமை எழுதியவுடனே உங்களுடையது. பதிவு கட்டாயம் இல்லை.

பணம் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் முடித்துத் தரும் நிறுவனங்களிடம் போனால், ஒப்பந்தத்தில் ஐந்தைப் பார்க்க வேண்டும்: எத்தனை பிரதி அச்சாகிறது, அது உங்கள் கைக்கு வருகிறதா, வடிவமைத்த மூலக் கோப்பும் அச்சுக் கோப்பும் உங்களுக்குத் தரப்படுமா, எண் யார் பெயரில், உரிமை எத்தனை காலத்துக்கு. உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. மூலக் கோப்பு கைக்கு வராதவர் மறு அச்சுக்கு மீண்டும் அவர்களிடமே போய் நிற்க வேண்டியிருக்கும்.

விற்கும் இடம்

கடைகளுக்குக் கொடுத்தால் விற்ற பிறகே பணம். மூன்று மாதமோ ஆறு மாதமோ ஆகும். கொடுத்த தேதி, பிரதி எண்ணிக்கை, கழிவு மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்காத பிரதிகளுக்குப் பின்னால் கணக்குக் கேட்க முடியாது. ஒரு கடைக்கு ஐந்து பிரதிக்கு மேல் முதலில் கொடுக்க வேண்டாம்.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டங்களிலும் நிர்வாகமே புத்தகத் திருவிழா நடத்துகிறது. தனி அரங்கு எடுப்பது ஒரே நூல் உள்ளவருக்குக் கட்டாது. ஏற்கெனவே அரங்கு வைத்திருக்கும் பதிப்பகத்திடம் கழிவு பேசிப் பத்து இருபது பிரதி வைப்பதே வழி. நூலகத் துறைக்கும், தமிழ் வளர்ச்சித் துறையின் நூல் வெளியீட்டு நிதியுதவிக்கும் விண்ணப்பிக்கலாம். அவை கிடைத்தால் நல்லது. வரவாக முன்கூட்டியே எழுதிவிடக் கூடாது.

ஊர் வரலாறும் குலதெய்வ நூலும் வைத்திருப்பவர்களுக்குக் கடையைவிடப் பெரிய சந்தை பங்குனி உத்திரம். மும்பையிலும் சென்னையிலும் பிழைக்கப் போன குடும்பங்கள் அன்றைக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்து சேரும். ஆடி, சித்திரையில் நடக்கும் கோயில் கொடை விழாக்களும் அப்படியே. வரி கொடுக்கும் தலைக்கட்டுகளின் (குடும்பங்களின்) எண்ணிக்கை கோயில் கணக்கில் இருக்கும்; மூன்று தலைக்கட்டுக்கு ஒரு பிரதி என்று வைத்து அடித்தால் மிஞ்சாது. கொடைக்கு ஒரு மாதம் முன்பே முன்பதிவு வாங்கினால் அச்சுச் செலவின் ஒரு பகுதி கைக்கு வந்துவிடும். கழிவும் கிடையாது.

தபாலில் அனுப்ப, 2025 மே 1 முதல் அஞ்சல் துறையின் 'கியான் போஸ்ட்' இருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. நூலில் அச்சகம் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். தரை வழியாகவே போகும், ஆகவே மெதுவாகச் சேரும். 160 பக்க நூல் 70 ஜிஎஸ்எம் தாளில் ஏறத்தாழ 190 கிராம். உறையோடும் 300-க்குள் அடங்கும். 256 பக்கம் என்றால் நூலே 290 கிராமை நெருங்கிவிடும், உறை போட்டதும் அடுத்த படிக்கு ஏறும். தாளின் பருமனை முடிவு செய்யும்போதே இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்னூலுக்கு அச்சுச் செலவு இல்லை. ஆனால் இந்திய விற்பனையில் 70 விழுக்காடு உரிமத்தொகை வேண்டுமானால் 'செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும்; சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூல் வேறு எந்தத் தளத்திலும் இருக்கக் கூடாது. வேறு தளத்தில் தொடராக வெளியிட்ட கதையை அங்கே நீக்காமல் இங்கே ஏற்றினால் சிக்கல். கோப்பின் எடைக்கு ஒரு எம்பிக்கு 7 ரூபாய் கழிப்பார்கள். எழுத்து மட்டும் உள்ள நூலில் அது பெரிதில்லை. படங்கள் நிறைந்து ஐந்து எம்பி ஆனால், 99 ரூபாய் நூலில் 35 ரூபாய் முதலிலேயே போய்விடும். படங்களைச் சுருக்கி ஏற்ற வேண்டும்.

பிரதிகளைச் சுவரை ஒட்டியோ தரையிலோ அடுக்கக் கூடாது. பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால்தான் கரையான் ஏறுவது தெரியும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்ட அட்டை சுருண்டுகொள்ளும். கட்டைப் பிரிக்காமல் மேலே பாரம் வைத்தால் குறையும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி வெள்ளம் நெல்லை ஜங்ஷன் பகுதிக்குள் வந்ததைப் பார்த்த பிறகும் கீழ்த்தளத்தில் மொத்தப் பிரதியையும் வைப்பது கூடாது. நூறு நூறாக அடிப்பவருக்கு இந்தக் கவலை ஒரு பெட்டியோடு முடியும்.

விற்பனையாகும் காலத்தில் வாசகர்கள் சொல்லும் பிழைகளை ஒரு பிரதியில் குறித்துக்கொண்டே வர வேண்டும். கையிருப்பு 15 பிரதிக்கு இறங்கும்போது அந்தத் திருத்தங்களை மூலக் கோப்பில் ஏற்றி, உள்பக்கத்தில் இரண்டாம் அச்சு என்றும் வருடத்தையும் சேர்த்து, அன்றைய தாள் விலையைக் கேட்டு நூலின் விலையை மறுபடி கணக்கிட்டு அடுத்த நூறுக்குச் சொல்லலாம்.